முப்பது நாள் தாண்டிவிட்டது, இனி அப்பீல் போட முடியுமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாலு சென்ட் இடத்துக்காகப் பங்காளி ஒருவர் போட்ட வழக்கில், முன்சீப் கோர்ட்டில் மார்ச் 12 அன்று எங்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. இடம் அவருக்குச் சொந்தம், நாங்கள் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்று டிகிரி (தீர்ப்பாணை). அம்மா முதல் பிரதிவாதி, நான் இரண்டாவது. அப்பீல் போடலாம் என்று வக்கீல் சொன்னார். ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு நகல் வாங்கியாகிவிட்டது என்று வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினார். மறுநாள் நானும் அம்மாவும் போய் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டோம். மே 2 அன்று அவர் கேட்ட 15,000 ரூபாயைக் கூகுள் பேயில் அனுப்பினேன். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும், "போட்டாச்சு, நம்பர் ஆக வேண்டியதுதான் பாக்கி" என்பார். ஜூலையில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து 22 நாள் மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். நவம்பர் 3 அன்று, அந்தத் தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லிப் பங்காளி போட்ட ஈ.பி. (நிறைவேற்றல் மனு) நோட்டீஸ் வந்தது, டிசம்பர் 10 வாய்தா. கோர்ட் செயலியில் எங்கள் பெயரைப் போட்டுத் தேடினால் அப்பீலே இல்லை. வக்கீல் இப்போது போனை எடுப்பதில்லை. எட்டு மாதம் ஆகிவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்கிறார்கள். இன்னொருவர், மஞ்சள் காமாலை என்று ஒரு சர்டிபிகேட் வாங்கிப் போட்டால் தாமதத்தை மன்னித்துவிடுவார்கள், ஆள் இருக்கிறது என்கிறார். என்ன செய்வது? 15,000 ஏற்கெனவே போய்விட்டது, மறுபடி பணத்துக்கு எங்கே போவது?

பதில்: முடியும். கதவு மூடிவிடவில்லை, ஆனால் சாத்திக்கொண்டே வருகிறது. அந்த சர்டிபிகேட் ஆளை மட்டும் வீட்டுப் பக்கம் விடாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. எட்டு மாதம் என்று நீங்களாகவே உங்கள் தலையில் அதிகப் பாரம் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தீர்ப்பு சொன்ன நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதனால் மார்ச் 13 தான் முதல் நாள், 30ஆவது நாள் ஏப்ரல் 11. இதோடு நிறுத்திவிடுகிறார்கள் பலரும். 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தீர்ப்பு நகல் வாங்க ஆன நாள்களைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. அந்த நாள்கள் எங்கே இருக்கின்றன? நீங்கள் அனுப்பிய படங்களில் கடைசிப் படத்தைப் பாருங்கள், யாரும் படிக்காத பக்கம் அது. நகல் பிரிவின் முத்திரைக்குக் கீழே வரிசையாகத் தேதிகள் இருக்கும். மனு கொடுத்தது மார்ச் 20. கட்டணம் கேட்டது ஏப்ரல் 3. கட்டியது ஏப்ரல் 9. நகல் தயாரானது ஏப்ரல் 25. வாங்கியது ஏப்ரல் 28. ஒரு அப்பீலின் ஆயுசு இந்த ஐந்து வரியில்தான் இருக்கிறது, இருபத்திரண்டு பக்கத் தீர்ப்பைப் படிக்கும் முன்பே நான் இதைத்தான் திருப்பிப் பார்ப்பேன்.

மனு கொடுத்த மார்ச் 20இலிருந்து நகல் தயாரான ஏப்ரல் 25 வரை 37 நாள். ஏப்ரல் 11உடன் 37ஐக் கூட்டினால் மே 18. தயாரான பிறகு மூன்று நாள் கழித்து வாங்கியது உங்கள் பக்கத்துத் தாமதம், அது கழியாது. அதேபோல ஏப்ரல் 3 அன்று கட்டணம் கேட்டும் 9ஆம் தேதி வரை கட்டாமல் இருந்த ஆறு நாளையும் எதிர்த் தரப்பு சும்மா விடமாட்டார்கள். அதையும் விட்டுக்கொடுத்தால் கடைசி நாள் மே 12. இதில் வேடிக்கை, மே 12 ஆனாலும் மே 18 ஆனாலும் அப்போது சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் கோர்ட் திறக்கும் நாளில் போடலாம் என்கிறது 4ஆம் பிரிவு. ஜூன் முதல் வாரம் கோர்ட் திறந்த அன்று காலையில் உங்கள் வக்கீல் போட்டிருந்தால் ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது. நீங்கள் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதும் பணம் அனுப்பியதும் அதற்கெல்லாம் முன்பே. இந்த ஒரு விஷயம்தான் உங்கள் மனுவின் உயிர்நாடி: நீங்கள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் கெடுவுக்குள்ளேயே செய்துவிட்டீர்கள்.

ஆனால் திறந்த நாளில் போடாததால் அந்தச் சலுகை போய்விட்டது, ஜூனிலிருந்து எண்ணலாம் என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்பான வழி மே 13இலிருந்து எண்ணுவது. நவம்பர் 21ஆம் தேதிக்குள் தாக்கல் செய்வதாக வைத்துக்கொண்டால் 193 நாள் தாமதம். ஆறு நாள் குறைத்து 187 என்று போடவும் வாதம் உண்டு, இருந்தாலும் நான் 193 என்றே போடுவேன். குறைத்துப் போட்டு ஆபீசில் கணக்கு இடித்தால் காகிதம் திரும்பிவரும். கூடுதலாகக் கேட்டதற்காக யாரும் தண்டிப்பதில்லை.

இன்னொரு விஷயம், இதை நாளைக்கே செய்யுங்கள். செயலியில் பெயர் வரவில்லை என்பதால் அப்பீலே போடவில்லை என்று முடிவுகட்ட முடியாது. தாக்கல் செய்யும் எந்தக் காகிதமும் நேராக நம்பர் ஆகிவிடுவதில்லை. முதலில் எஸ்.ஆர். எண்தான் (காகிதம் வந்து சேர்ந்ததற்கான தற்காலிக எண்), அப்புறம் ஆபீசில் சரிபார்த்துக் குறை இருந்தால் காரணம் எழுதி, இத்தனை நாளுக்குள் சரிசெய்து கொண்டுவா என்று திருப்பித் தருவார்கள். நீதிமன்றக் கட்டணம் குறைகிறது, ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லை, இப்படி ஏதாவது. திரும்பிய அந்தக் கட்டு வக்கீல் குமாஸ்தாவின் மேசைக்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன், சிலந்தி கூடு கட்டியிருந்தது. உங்கள் வக்கீல் "நம்பர் ஆக வேண்டியதுதான் பாக்கி" என்று சொன்னது பாதி உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் உங்கள் நிலைமை ரொம்ப மேல். கெடுவுக்குள் தாக்கல் ஆகித் திரும்பி வந்த காகிதத்தை மறுபடி கொண்டுபோய்க் கொடுப்பதில் ஏற்பட்ட தாமதம் வேறு, தாக்கலே செய்யாத தாமதம் வேறு. முன்னதைக் கோர்ட்டுகள் இன்னும் தாராளமாகத்தான் பார்க்கும். எனவே உங்கள் அப்பீல் போக வேண்டிய சார்பு நீதிமன்றத்தின் தாக்கல் பிரிவில், ஏப்ரல் கடைசி முதல் இன்று வரை உங்கள் அம்மா பெயரில் எஸ்.ஆர். பதிவோ, இ-ஃபைலிங் பதிவோ இருக்கிறதா என்று புது வக்கீலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை.

ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அதே காலவரம்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. போதுமான காரணம் இருந்தது என்று கோர்ட்டைத் திருப்திப்படுத்தினால் தாமதத்தை மன்னித்து அப்பீலை எடுத்துக்கொள்ளலாம். கோர்ட் வட்டாரத்தில் இதை "டிலே பெட்டிஷன்" என்பார்கள். எத்தனை நாள் என்பதைவிட ஏன் என்பதுதான் கேள்வி. 1987இல் காட்டிஜி வழக்கில், ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் சொல் என்றால் அப்புறம் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் கேட்பீர்களா என்கிற தொனியில் உச்ச நீதிமன்றம் எழுதியது. உங்களுக்கு இன்னும் நெருக்கமானது நம் ஊரிலிருந்து போன பாலகிருஷ்ணன் வழக்கு, 1998. அங்கே 883 நாள் தாமதம். காரணம், வக்கீல் வழக்கு என்ன ஆனது என்றே கட்சிக்காரரிடம் சொல்லவில்லை. கீழ்க்கோர்ட் மன்னித்தது, உயர் நீதிமன்றம் கூடாது என்றது, உச்ச நீதிமன்றம் கீழ்க்கோர்ட் செய்தது சரி என்றது. தாமதத்தின் நீளம் பெரிதில்லை, விளக்கம் ஏற்கும்படி இருக்கிறதா என்பதே அளவுகோல் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 883 நாளுக்கு முன்னால் உங்கள் 193 நாள் சின்னதுதான்.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடாதீர்கள். காற்று இப்போது வேறு பக்கம் வீசுகிறது. 2024இல் பதபட்டி சுப்பா ரெட்டி வழக்கில் 5,659 நாள் தாமதத்தை மன்னிக்க மறுத்த உச்ச நீதிமன்றம், தாராள மனப்பான்மை என்ற பெயரில் காலவரம்புச் சட்டத்தையே செத்த எழுத்தாக்கிவிட முடியாது என்ற நிலையை எடுத்தது. அதே ஆண்டு ரஜ்னீஷ் குமார் வழக்கில், எல்லாப் பழியையும் வக்கீல் தலையில் போட்டுவிட்டு நான் அப்பாவி என்று கட்சிக்காரர் நிற்க முடியாது, தன் வழக்கைத் தானும் கவனிக்க வேண்டும் என்றது. செல்போனைத் தட்டினால் வழக்கின் நிலை தெரியும் காலத்தில் ஆறு மாதம் ஏன் தட்டிப் பார்க்கவில்லை என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்கத்தான் போகிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பேன். அதனால் "வக்கீல் ஏமாற்றிவிட்டார்" என்ற ஒற்றை வரி போதாது. அந்த ஆறு மாதத்தில் நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்பதுதான் போதும் போதாது என்பதைத் தீர்மானிக்கும்.

இப்போது மஞ்சள் காமாலைக்கு வருகிறேன். நம் ஊர் டிலே பெட்டிஷன்களை எல்லாம் அடுக்கி வைத்துப் படித்தால் தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலை வராத ஆளே இல்லை என்று தோன்றும். அதுவும் சரியாகத் தீர்ப்பு வந்த வாரம் வந்து, நாட்டு வைத்தியம் பார்த்து, அப்பீல் போடும் வாரம் குணமாகிவிடும். நீதிபதிகளும் இதையெல்லாம் பார்த்துச் சலித்தவர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் கட்சிக்காரர் ஒருவர் கொண்டுவந்த அப்படி ஒரு சர்டிபிகேட்டை நம்பி அபிடவிட் (சத்தியம் செய்து தரும் வாக்குமூலம்) எழுதினேன். எதிர்த் தரப்பு ஒரு போட்டோவை நீட்டியது. படுத்த படுக்கையாக இருந்ததாக நான் எழுதியிருந்த அதே வாரத்தில் என் கட்சிக்காரர் மஞ்சள் வேட்டியோடு அம்மன் கோயில் திருவிழாவில் தீச்சட்டி ஏந்திக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் தேதி போட்ட ஃபிளெக்ஸ் பேனர் வேறு. மனு தள்ளுபடி. அன்று நீதிபதி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்த மனிதருக்குச் சொல்ல உண்மையான காரணம் ஒன்றும் இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது, அதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். பொய்ச் சத்தியம் குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களிடம் இருக்கும் நல்ல காரணத்தையும் இந்தப் பொய் கெடுத்துவிடும், ஒன்று பொய் என்று தெரிந்ததும் மற்றதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

உங்கள் அபிடவிட்டில் கதை வேண்டாம், தேதி வேண்டும். ஏப்ரல் 28 வாட்ஸ்ஆப் படம். ஏப்ரல் 29 கையெழுத்து, அன்று பஸ்ஸில் போனீர்களா, யார் கூட வந்தது. மே 2 பணம், வங்கிக் கணக்குப் பட்டியலில் அந்த வரி. அதற்குப் பிறகு என்றைக்கெல்லாம் போன் செய்தீர்கள், அவர் "போட்டாச்சு" என்று எழுத்தில் எங்காவது பதில் போட்டாரா, குரல் பதிவு அனுப்பினாரா, ஆபீசுக்கு நேரில் போனீர்களா. போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்துப் போடும்போது மின்னணுப் பதிவுகளுக்கான பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றையும் இணைக்க வேண்டும், அதைப் புது வக்கீல் தயார் செய்வார். ஜூலையில் அம்மாவின் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும், அது நிஜமான மருத்துவக் காகிதம், போடுங்கள். ஆனால் 22 நாளுக்கு 22 நாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆறு மாதமும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தோம் என்று இழுக்கக் கூடாது. ஆகஸ்டில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை, போட்டுவிட்டதாகச் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன் என்று எழுதுங்கள். மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்பது நீதிபதிக்கும் தெரியும்.

இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. நவம்பர் 3க்கு முன்னால் உங்களுக்குத் தெரியாது, சரி. நவம்பர் 3க்குப் பிறகு? நோட்டீஸ் கையில் வாங்கிய நாளிலிருந்து தாக்கல் செய்யும் நாள் வரை நடப்பதற்கு நீங்கள் மட்டும்தான் பொறுப்பு, அங்கே வக்கீலைக் காட்ட முடியாது. உறவினர்களைக் கூட்டிப் பேசினோம், பங்காளியிடம் தூது விட்டோம், கார்த்திகை தீபம் முடியட்டும் என்று இருந்தோம் என்று ஒரு மாதம் ஓடினால், முந்தைய 170 நாளுக்கு நல்ல காரணம் இருந்தும் இந்த 30 நாளில் மனு கவிழ்ந்துவிடும். நவம்பர் 21 என்று மேலே ஒரு தேதி போட்டேனே, அது இதற்காகத்தான். முன்னால் முடிந்தால் இன்னும் நல்லது.

தீர்ப்பின் அசல் நகல் பழைய வக்கீலிடம் இருக்கிறது, அதில்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். கேட்டு வாங்குங்கள். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை கிடையாது, 2000இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் இழுத்தடித்தால் அதற்காகக் காத்திருக்காமல் புதிதாக நகல் மனு போட்டுவிடுங்கள். புது நகல் வாங்க ஆகும் நாள்கள் மறுபடி கழியாது, பழைய நகலின் தேதிகள்தான் உங்களுக்கு வேண்டும், அதற்கு அந்த வாட்ஸ்ஆப் படமும் நகல் பிரிவின் பதிவேடும் போதும். புது நகல் வரும் வரை அதை இணைப்பதிலிருந்து விலக்குக் கேட்டு ஒரு சிறு மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்துவிடலாம்.

அடுத்து ஈ.பி. அப்பீல் போட்டால் இடத்தைக் காலி செய்வது நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நிற்காது. கெடுவுக்குள் போட்ட அப்பீலிலேயே தனியாகத் தடை உத்தரவு வாங்கினால்தான் நிற்கும். தாமதமாகப் போட்டதில் நிலைமை இன்னும் மோசம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை 3-ஏ விதிப்படி, தாமதத்தை முடிவுசெய்து அப்பீலைக் கேட்கலாம் என்று தீர்மானிக்கும் வரை அப்பீல் கோர்ட் தடை உத்தரவு போடக் கூடாது. அதாவது டிலே பெட்டிஷன் ஒரு வருஷம் வாய்தாவில் கிடந்தால் அந்த ஒரு வருஷமும் உங்கள் தலைக்கு மேல் கத்தி தொங்கும். ஆகவே இரண்டு வேலை ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். ஒன்று, டிலே பெட்டிஷனைச் சீக்கிரம் விசாரிக்கக் கேட்டு, ஈ.பி. நோட்டீசைக் காட்டி அவசரத்தைச் சொல்வது. இரண்டு, டிசம்பர் 10 அன்று முன்சீப் கோர்ட்டில் கட்டாயம் ஆஜராவது. நோட்டீஸ் வந்தும் போகாமல் இருந்தால் அவர்கள் பாட்டுக்கு உத்தரவு வாங்கிவிடுவார்கள், ஒரு நாள் காலை அமீனா வாசலில் நிற்பார். ஆஜராகி, அப்பீலும் டிலே பெட்டிஷனும் தாக்கலாகிவிட்டன என்று காகிதத்தைக் காட்டி எதிருரைக்கு அவகாசம் கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, ஆனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாய்தா கிடைக்கும். அதற்குள் இடம் கைமாறிவிட்டால்? அதனால் அப்பீல் செத்துவிடாது. பின்னால் ஜெயித்தால் அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில் இடத்தைத் திரும்பக் கேட்கலாம். அதுவரை அங்கே அவர் சுவர் எழுப்பாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான், அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

தாக்கல் செய்த பிறகு மனு எப்படி நடக்கும் என்றால், எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போகும். அதற்குப் பேட்டா கட்ட வேண்டும், சிறிய தொகைதான், கட்ட மறந்து மனுவே தள்ளுபடியான கதைகள் ஏராளம். அவர்கள் எதிருரை போடுவார்கள், தங்களுக்கு ஒரு உரிமை நிலைத்துவிட்டது, அதைப் பறிக்கக் கூடாது என்பார்கள். உங்களைக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லச் சொன்னாலும் சொல்லலாம், உண்மையை எழுதியிருந்தால் பயமில்லை. நல்லபடியாகப் போனால் செலவுத் தொகை ஒன்றை எதிர்த் தரப்புக்குக் கட்டச் சொல்லி மனுவை அனுமதிப்பார்கள். அந்த உத்தரவில் ஒரு தேதி இருக்கும், இன்ன தேதிக்குள் கட்டாவிட்டால் மனு தானாகத் தள்ளுபடி என்று. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அந்தத் தேதியைத் தவறவிட்டு மறுபடி ஒரு தாமத மனுவோடு வந்து நிற்பவர்களை எனக்குத் தெரியும்! உத்தரவு வந்த அன்றே பணத்தைக் கட்டி ரசீதை மெமோவாகப் போட்டுவிடுங்கள். மனு தள்ளுபடியானால் அடுத்த இடம் உயர் நீதிமன்றம், உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. எந்த வடிவில் போவது என்பதை உத்தரவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழைய வக்கீலை என்ன செய்வது? இதில் என் கருத்தைச் சொல்கிறேன், தொழிலில் எல்லோரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். முதல் வேலையாகப் புகாரில் இறங்காதீர்கள், உங்கள் சக்தியும் நேரமும் அப்பீலுக்கு வேண்டும். ஆனால் இந்த வாரமே ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள், கோபமில்லாமல், நாலே வரியில்: இன்ன தேதியில் கையெழுத்து, இன்ன தேதியில் பணம், அப்பீல் தாக்கலானதா, ஆகவில்லையென்றால் கட்டைத் திருப்பித் தாருங்கள். அவர் பதில் போட்டால் அது ஓர் ஆவணம், போடாவிட்டால் தபால் ரசீது ஓர் ஆவணம். வக்கீல் மேல் தப்பு என்றால் அவர் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்பது உண்டு, அப்போது காட்ட ஒன்று இருக்கும். சில வக்கீல்கள், தவறு என் ஆபீசில் நடந்தது என்று தாங்களே ஓர் அபிடவிட் கொடுத்துவிடுவார்கள். அது கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியதுபோல, அதனால் பாலத்தை இப்போதே எரிக்க வேண்டாம். மனு முடிந்த பிறகு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவில் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்பவர்கள் பழைய காலத்து ஆட்கள். மேலே சொன்ன பாலகிருஷ்ணன் அந்த வழியில்தான் தன் வக்கீலிடமிருந்து 50,000 ரூபாய் நஷ்டஈட்டுக்கு உத்தரவு வாங்கினார், ஆனால் வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னபின் அந்த வழி அடைபட்டுவிட்டது.

15,000 ஏற்கெனவே போய்விட்டது, மறுபடி எங்கே போவது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். முதல் பிரதிவாதி உங்கள் அம்மா. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவின் அறை இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவசம் என்றால் மட்டமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், இந்த மாதிரி மனுக்களைத் தினமும் போடும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். வேறு வக்கீலை வைத்துக்கொண்டாலும் ஒன்று: முதல் கோர்ட்டில் கட்டிய அளவு நீதிமன்றக் கட்டணமே அப்பீலுக்கும் ஆகும், அந்தப் பணத்தை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் 30 நாள் என்பதை எல்லா வழக்குக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாம். சிவில் வழக்கில் அப்பீல் உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் 90 நாள், இரண்டாவது மேல்முறையீட்டுக்கும் அதேதான். மாஜிஸ்திரேட் தண்டித்த கிரிமினல் வழக்கில் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், செஷன்ஸ் தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து 30 நாள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து மாநில ஆணையத்துக்கு 45 நாள். நடுவர் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பை எதிர்ப்பவர்களுக்குத்தான் கருணையே கிடையாது, மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் மேலே 30 நாள், அதற்குப் பிறகு ஒரு நாள்கூடக் கோர்ட்டால் மன்னிக்க முடியாது, அங்கே 5ஆம் பிரிவு செல்லாது.

அம்மாவைப் பற்றி ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அவர் கையெழுத்துப் போடுபவரா, ரேகை வைப்பவரா? ரேகை என்றால் அபிடவிட்டைத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டு ரேகை வைத்தார் என்ற குறிப்போடு சான்றொப்பம் வேண்டும், இல்லையென்றால் அதற்கே ஒருமுறை காகிதம் திரும்பிவரும். இடுப்பு முறிந்தவரைக் கோர்ட் வரைக்கும் ஏற்றி இறக்க வேண்டாம், வக்கீலை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.